வட்டவிதானைக்கு வந்த முறைத் தண்ணீர்

பதினேழு வருடம் நான் வட்டவிதானையாக இருந்தவன். வயல் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குளத்திலிருந்து வரும் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் விடுவதென்று பார்க்கிறவர்தான் வட்டவிதானை. விவசாயிகள் கூட்டம் போட்டு ஒருவரைத் தெரிவு செய்வார்கள். வாய்க்கால் மதகின் சாவி அவரிடம் இருக்கும். தண்ணீர் குறைந்த காலத்தில் வயல்களுக்கு மாறிமாறி விடுவதை முறைத் தண்ணீர் என்போம். தன் முறை வரும்வரை பொறுக்காமல் வரம்பை வெட்டி, அடுத்தவன் தண்ணீரைத் தன் பக்கம் திருப்புகிறவன் தண்ணீர்க் கள்ளன். மாவடிப்பள்ளி வயல்வெளியில் அப்படி எத்தனையோ பேரை மண்வெட்டியும் கையுமாகப் பிடித்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட எனக்கு ஐம்பத்தெட்டாவது வயதில் அல்லாஹ் தந்தது, தண்ணீரை ஆசைக்குக் குடிக்க முடியாத நோய்.

ஊரில் இதைக் கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு. தண்ணீர் குறைந்த ஒரு சிறுபோக விளைச்சல் காலத்தில் என்னிடம் வயிறு நிறைய ஏச்சு வாங்கியவர், நிந்தவூர்ச் சந்தையில் என் முகத்துக்கு நேரே சொன்னார்: "இப்ப வெளங்குதா காக்கா, தண்ணி வராட்டி எப்பிடி இரிக்கும் எண்டு?" எனக்குக் கோபம் வரவில்லை. நியாயமான கேள்வி என்றே பட்டது.

இதை எழுதச் சொன்னவர் சுகந்தி மிஸ்ஸி. கல்முனையில் எனக்கு இரத்தம் சுத்திகரிக்கும் இடத்தில் வேலை செய்யும் தாதி, காரைதீவுப் பிள்ளை. புதிதாக வரும் நோயாளிகள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்களாம்: "தாகத்தை என்ன செய்யிற?" நீங்கள் செய்ததை எழுதித் தாருங்கள் என்றார். நான் எழுத்தாளன் அல்ல. தண்ணீர் முறை எழுதிய கொப்பிகளைத் தவிர வேறொன்றும் எழுதியதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

தொடக்கம் மிகச் சாதாரணம். காலையில் செருப்புக்குள் கால் போகவில்லை. வயலில் நின்று நின்று வந்த வீக்கம் என்று நினைத்தேன். பிறகு முகம் ஊதியது. சோற்றைக் கண்டால் குமட்டல். பிரஷர் குளிசையை நான் நினைத்தபோது போட்டு, நினைத்தபோது விட்டவன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். என் மனைவி பரீதா என்னை ஓட்டோவில் தள்ளாத குறையாக ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வெளிநோயாளர் பகுதி வாங்கில் காலை முழுவதும் இருந்தோம். இரத்தம் எடுத்தார்கள். சிறுநீரைப் போத்தலில் கேட்டார்கள். வயிற்றில் குளிர்ந்த களிம்பு பூசி ஸ்கேன் பார்த்தார்கள். வயதில் என் மகளைவிடக் குறைந்த டொக்டர், கடதாசியைப் பார்த்துவிட்டு நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். டொக்டர்மார் நாற்காலியை இழுத்தால் நல்ல செய்தி இல்லை என்று அன்றைக்குத்தான் படித்தேன்.

"ரெண்டு கிட்னியும் சுருங்கிட்டு ஐயா" என்றார்.

கிரியேட்டினின் என்று ஒரு சொல்லை அன்று கேட்டேன். உடம்பு உழைக்கும்போது சேரும் கழிவு அது. நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். என்னுடையது தள்ளவில்லை, அது இரத்தத்திலேயே தேங்கிக் கிடந்தது. இனிக் கிழமைக்கு இரண்டு நாள் என் இரத்தத்தை வெளியே எடுத்து, ஒரு இயந்திரத்தில் கழுவி, மறுபடி உள்ளே விட வேண்டும். ஒவ்வொரு தடவையும் நான்கு மணித்தியாலம். அதற்காக இடக்கையில் ஒரு நாடியையும் ஒரு நாளத்தையும் சேர்த்துத் தைத்தார்கள். பிஸ்டுலா என்று பெயர். காயம் ஆறியபின் அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். மதகைத் திறந்ததும் பலகையில் கை வைத்தால் ஒரு அதிர்வு தெரியும், அதே அதிர்வு. என் உடம்புக்குள் ஒரு மதகு வைத்துவிட்டார்கள் என்று பரீதாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

இவையெல்லாம் பழகிவிட்டன. ஊசி பழகியது. குளிர் பழகியது. பழகாதது தண்ணீர்தான்.

சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டதால், குடிக்கும் தண்ணீர் வெளியே போக வழியில்லை. காலில் இறங்கும், பிறகு நெஞ்சில் ஏறும். ஆகவே ஒரு நாளைக்கு முக்கால் லீட்டர். தேத்தண்ணி, குளிசைக்குக் குடிப்பது, சோற்றுக்கு ஊற்றும் ஆணம் எல்லாம் அதற்குள் அடக்கம். டொக்டர் இதைச் சொன்னபோது நான் சிரித்தேன். "டொக்டர், நான் முப்பது நோன்பு புடிக்கிறவன். பதினாலு மணித்தியாலம் ஒரு சொட்டும் இல்லாம இரிப்பன். இது என்ன பெரிய காரியமா?"

பெரிய காரியமாகத்தான் இருந்தது. நோன்பில் தாகத்துக்கு ஒரு முடிவு உண்டு, பாங்கு சொல்லும். இதற்குப் பாங்கு இல்லை. இரண்டாம் கிழமையே நான் களவெடுக்கத் தொடங்கினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழு செய்யும்போது வாய் கொப்பளிக்க வேண்டும் அல்லவா? கொப்பளிக்கிற தண்ணீரில் பாதியை விழுங்கினேன். தாகம் எடுத்தபோதெல்லாம் வுழு செய்தேன். என் தக்வாவை, அந்தப் பக்தியைப் பார்த்து முதலில் மகள்கூட மகிழ்ந்துபோனாள். பரீதாவுக்கு மட்டும் கண் கூர்மை.

"இஞ்சருங்க, தொழுகை அஞ்சு நேரம்தானே. நீங்க பதினாறு தரம் வுழு செய்றீங்க."

"முறிஞ்சா செய்யத்தானே வேணும்."

"வுழு முறியல்ல. வேலியே பயிர மேயிது" என்றாள்.

அவள் சும்மா இருக்கவில்லை. பிரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டாள். கிளாஸ்களை ஒளித்தாள். மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, நாங்கள் அதே வளவில் பின்பக்கம் கட்டிய சின்ன வீட்டில் இருக்கிறோம். முன்வீட்டுக்கும் சொல்லி வைத்தாள், வாப்பா கேட்டால் தண்ணீர் கொடுக்காதே என்று. நான் கள்ளனைப் போல் கிணற்றடிக்குப் போனேன். ஒருநாள் வாளியோடு பிடிபட்டபோது என் வாயில் வந்ததைச் சொன்னேன்: "தாகத்தப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்? ஒனக்குத் தாகமே வாற இல்ல. நீ தண்ணி குடிச்சி நான் கண்ட இல்ல."

அவள் வாளியை வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த வருட றமழான் வந்தது. நோன்பு பிடிக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னார். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது என்று பள்ளி மௌலவியும் சொன்னார். எனக்கு இரண்டு பேர் சொன்னதும் ஏறவில்லை. ஊர் முழுக்க நோன்பு, நான் மட்டும் பகலில் சோறு தின்பதா? சுத்திகரிப்பு இல்லாத ஒரு நாளில், பரீதா அழ அழ, நோன்பு பிடித்தேன். பகல் முழுவதும் ஒரு சொட்டு இல்லை. பெருமையாக இருந்தது. முக்கால் லீட்டரும் அப்படியே மிச்சம் இருக்கிறதே என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு சொன்னது. பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டு பரீதா வழக்கம்போல ஏதோ வேலையாகக் குசினிக்குள் போனாள். நான் மிச்சம் வைத்திருந்த முக்கால் லீட்டரையும் ஒரே மூச்சில் முடித்தேன். பிறகு பள்ளியிலிருந்து வந்த கஞ்சி. ஒரு கோப்பை. இன்னொரு கோப்பை. வடை கடித்துக்கொண்டு மூன்றாவதும். கஞ்சியைத் தண்ணீரில் நான் சேர்க்கவில்லை. கஞ்சி என்றால் அரிசி, அரிசி என்றால் சாப்பாடு. நெல் விளைவித்தவன் வேறெப்படி நினைப்பான்?

தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்துச் சுஜூதுக்குப் போனவனால் எழும்ப முடியவில்லை. நெஞ்சுக்குள் யாரோ ஈர மண்ணை அள்ளிப் போட்டது மாதிரி இருந்தது. மூச்சை இழுத்தால் பாதியில் நின்றது. இருமினால் நுரை வந்தது. சத்தம் போடக் காற்றில்லை. சிறுவயதில் ஒருமுறை குளத்தில் மூழ்கியிருக்கிறேன். தரையில், பாயில், சொந்த வீட்டில் மூழ்குவது அதைவிடப் பயங்கரம். நான் மிகவும் பயந்தேன்.

மருமகன் ஓட்டோவை எடுத்தான். நோன்பு திறந்த வாயோடு சாப்பிடாமல் வந்தான் பாவம். பரீதா என்னைத் தன் தோளில் சாய்த்து, ஒவ்வொரு மூச்சுக்கும் இறைவனை நினைத்து ஒரு திக்ர் சொன்னாள். சாய்ந்தமருதுவைத் தாண்டும்போது என்னை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். ஆஸ்பத்திரியில் முகமூடி போட்டு ஒட்சிசன் கொடுத்தார்கள். உடனே இயந்திரத்தில் போட்டார்கள். நான்கு மணித்தியாலத்தில் என் உடம்பிலிருந்து எடுத்த தண்ணீர் மூன்று லீட்டருக்கு மேல். பல நாள் களவும் சேர்த்து அன்று பிடிபட்டது. எடுக்க எடுக்கக் கால் குறண்டி இழுத்தது. பரீதா கட்டிலின் கால்மாட்டில் நின்று இரண்டு கெண்டைக்காலையும் பிசைந்துகொண்டே இருந்தாள்.

காலையில் டொக்டர் வந்தார். என்னோடு கதைக்கவில்லை, பரீதாவோடு கதைத்தார். "நெஞ்சுக்குள்ள தண்ணி நிறைஞ்சிட்டு உம்மா. இந்த முறை தப்பிட்டார். இன்னொருக்கா இப்பிடி வந்தா, ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேருவாரா எண்டு என்னால சொல்ல ஏலாது."

அவர் போனபின் நான் கண்ணை மூடிக்கொண்டேன். பரீதாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

ஆஸ்பத்திரி வாட்டில் ஆறு நாள் இருந்தேன். மகள் உப்பில்லாத சோறு அனுப்புவாள். மருமகன் கடையைப் பூட்டிவிட்டு வந்து என் காலடியில் இருப்பான். பக்கத்துக் கட்டிலில் பாண்டிருப்பைச் சேர்ந்த ஒருவர், அவரைப் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த தோடம்பழத்தை எனக்கு நீட்டுவார். எனக்கு அது கூடாது, பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு நின்றுவிடலாம் என்று மறுப்பேன். மறுநாளும் நீட்டுவார். அன்பு மறதியானது.

நாலாம் நாள் சுகந்தி மிஸ்ஸி ஊசியைச் சரிபார்த்துக்கொண்டே கேட்டார்: "ஐயா, நீங்கதானே மாவடிப்பள்ளிப் பக்கம் வட்டவிதானையா இருந்த? எங்கட அப்பாட வயல் ஒங்கட வாய்க்கால்லதான். கடைசி வயல்."

"ஆ, அந்தப் பனையடி வயலா?"

"ஓம். நீங்க இருந்த காலத்துலதான் எங்களுக்கு ஒழுங்காத் தண்ணி வந்த எண்டு அப்பா இப்பவும் சொல்லுவார். எப்பிடி ஐயா அவ்வளவு பேரையும் கட்டுப்படுத்தின?"

கேட்டால் விடுவேனா? மூக்கில் ஒட்சிசன் குழாயோடு பிரசங்கம் செய்தேன். "மிஸ்ஸி, பூட்டுப் போட்டுக் கள்ளனத் தடுக்க ஏலாது. பயிர் வாடினதுக்காக எவனும் வரம்ப வெட்ட மாட்டான். தன்ட முறை வராம போயிடுமோ எண்டு பயந்துதான் வெட்டுவான். நான் ஒவ்வொருத்தன்ட முறையையும் எழுதி மதகடியில ஒட்டிருவன். நேரம் வந்தா, மழையோ வெயிலோ, தண்ணி கட்டாயம் வரும். கடைசி வயலுக்கு முதல்ல உடுவன். மேல் வயல்காரனுக்கு முதல்ல குடுத்தா கடைசிக்காரனுக்கு மிஞ்சாது. இன்ன நேரம் வரும் எண்டு நிச்சயமாத் தெரிஞ்சா, மனிசன் காத்திருப்பான்."

"சொந்தக்காரர் வந்து கேட்டா?"

"முறை முறைதான். இந்தா இரிக்கிற பரீதாட தம்பியே ஒருக்கா வந்து கெஞ்சினான். குடுக்கல்ல. இவ ரெண்டு மாசம் என்னோட முகம் குடுத்துக் கதைக்கல்ல."

பரீதா ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள். கேட்கிறாளா இல்லையா என்றே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு எழும்பினேன். மேசையில் ஐந்து சின்னப் போத்தல்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் நூற்றிருபது மில்லிலீட்டர், மிச்சம் ஆணத்துக்கு. பேரப்பிள்ளையின் பால் போத்தலில் இருந்த கோட்டை வைத்து அளந்திருந்தாள். சுவரில் என் பழைய கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாள். வாய்க்கால் பெயர் எழுதும் இடத்தில் என் பெயர். அதன்கீழ் விடியலிலிருந்து இரவு வரை ஐந்து நேரத் தொழுகை: சுபஹ், ளுஹர், அஸர், மஃரிப், இஷா. பள்ளியில் பாங்கு சொன்னால் மதகு திறக்கும்.

"இனி நான்தான் வட்டவிதானை" என்றாள். "பிரிட்ஜுப் பூட்டக் கழட்டிட்டன். கிணத்து வாளியும் அங்கதான் இரிக்கி. நீங்க சொன்னதுதானே, பூட்டு கள்ளனத் தடுக்காதாம்."

இஷாப் போத்தலை எடுத்து அலுமாரிக்குள் தனியே வைத்தாள். "கடைசி வயலுக்கு முதல்ல" என்றாள்.

 முப்பத்தைந்து வருடம் என்னோடு வாழ்ந்தவள், நான் அவள் தம்பிக்குச் செய்ததை இன்னும் மன்னிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். அதை அவள் இப்படி எனக்காக எடுத்து வைத்திருந்தாள்.

உடனே திருந்திவிட்டேன் என்று சொன்னால் பொய். மூன்றாம் நாளே அஸருக்கு முன் போய் நின்றேன். "கொஞ்சம் முந்தித் தாவன் பரீதா, அஸர்ல கழிச்சிக்க."

"முறை முறைதான்."

கெஞ்சினேன். கோபித்தேன். அவள் வெண்டிக்காய் நறுக்கிக்கொண்டே இருந்தாள். ஆனால் பாங்கு சொன்ன உடனே, கையைத் துடைத்துக்கொண்டு வந்து போத்தலை என் கையில் வைத்தாள். ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை. ஒருநாளும் பிந்தவில்லை. அடுத்த தண்ணீர் நிச்சயம் என்று மனம் நம்பத் தொடங்கியதும், தாகம் இருந்தாலும் அந்தப் பதற்றம் அடங்கியது. இவ்வளவு காலமும் என்னை வாட்டியது பாதி தாகம், பாதி பயம் என்று எனக்கு விளங்கியது.

புதியவர்களுக்கு மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். கருவாட்டை நிறுத்துங்கள், உப்புத்தான் தாகத்தின் தாய். அஸர்ப் போத்தலை நாங்கள் பனிக்கட்டியாக்கினோம், ஒரு துண்டு வாயில் நெடுநேரம் நிற்கும். அதையும் கணக்கில் சேருங்கள். வாய் கொப்பளியுங்கள், விழுங்காதீர்கள். வுழு இப்போது எனக்கு உண்மையான ஆறுதல். கஞ்சி தண்ணீர்தான், நெல் விளைவித்தவன் சொல்கிறேன், நம்புங்கள். உங்கள் வீட்டில் பரீதா மாதிரி ஒருவரிடம் சாவியைக் கொடுங்கள். மீன் விற்பவரானால் மீன் வியாபாரத்திலும், தையல்காரரானால் தையலிலும் உங்களுக்கான வழி இருக்கும். உங்களுக்குக் கைவந்த வேலையில் தேடுங்கள்.

மூன்று மாதத்தில் இரண்டு சுத்திகரிப்புக்கு இடையில் என் நிறை கூடுவது பாதியாகக் குறைந்தது. டொக்டர் கடதாசியைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுக்கவில்லை. நின்றபடியே சிரித்தார்.

இதோடு முடித்திருப்பேன். போன கிழமை நடந்ததையும் சொல்ல வேண்டும்.

கச்சான் காற்று அனல் மாதிரி வீசுகிற காலம். அஸர் தொழுதுவிட்டு வழக்கமாகப் பள்ளியில் கொஞ்சம் கதைத்துவிட்டுத்தான் வருவேன். அன்று உடம்பு அலுப்பாக இருந்ததால் நேரே வந்தேன். முன்வாசலால் போகாமல் வளவுக்குப் பின்னால் வந்தேன். கிணற்றடி மறைப்புக்குப் பின்னே ஒரு ஆள் நின்றது. இந்தப் பக்கம் பார்த்து, அந்தப் பக்கம் பார்த்து, முதுகைத் திருப்பிக்கொண்டது. அந்த நிலையை எனக்கு நன்றாகத் தெரியும். பதினேழு வருடம் வரம்பில் பார்த்த நிலை. நான் சத்தமில்லாமல் கிட்டப் போனேன்.

பரீதா கிளாஸில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் திடுக்கிட்டுக் கிளாஸை முந்தானைக்குள் ஒளித்தாள். சேலை நனைந்தது.

"யாருக்கு ஒளிச்சித் தண்ணி குடிக்கிறாய்?"

தலையைக் குனிந்தாள். "நீங்க பாத்தா ஒங்களுக்கு நாக்கு வறளும் எண்டு..."

"எவ்வளவு நாளா?"

"கிளினிக்ல முக்கால் லீட்டர் எண்டு சொன்ன அண்டைல இருந்து."

ஒன்றரை வருடம். நோன்பு திறக்கும்போதுகூடப் பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டுக் குசினிக்குள் ஓடியது இதற்குத்தான். அவளைப் பார்த்துத்தான் நான் சொன்னேன், தாகத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று. எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை, நன்றாக அழுதேன்.

அவளைக் கையைப் பிடித்துக் குசினிக்குக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினேன். பிரிட்ஜைத் திறந்து குளிர்ந்த தண்ணீர் எடுத்து, கிளாஸ் விளிம்பு வரைக்கும் ஊற்றினேன்.

"வேணாம்" என்றாள். "ஒங்களுக்கு முன்னால எனக்கு எறங்காது."

"குடி. முறை முறைதான். இது ஒன்ட முறை."

அவள் என்னைப் பார்த்தபடியே குடித்தாள். முழுவதையும் குடித்தாள். என் நாக்கு வறண்டதுதான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது வருமே ஒரு நிம்மதி, அது வந்தது.

இன்னொரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தேன். என் அடுத்த முறையான மஃரிபுக்கு இன்னும் நேரம் இருந்தது. பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக் காத்திருந்தேன்.